அடுத்தவர் எழுதியதைப் படிக்கிற வேலை

தொண்ணூறுகளின் பின்பாதியில் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆபீஸுக்குள் இரண்டு வரிசை இருந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் டெவலப்மென்ட். எழுதினவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு அவர் விட்டுப்போனதைக் கட்டி மேய்க்கிறவர்கள் மெயின்டெனன்ஸ்; பேச்சுவழக்கில் சப்போர்ட். நான் இரண்டாவது வரிசையில் சேர்ந்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில், "சப்போர்ட்டுன்னா போன் எடுத்துப் பேசுறதா தம்பி?" என்று கேட்டார்கள். அப்ரைசல் நேரத்தில் மேனேஜரும் ஏறக்குறைய அதையேதான் கேட்பார், கொஞ்சம் நாசூக்காக.

இப்போது டெர்மினலில் ஏஐ-யை உட்காரவைத்து, "இந்த டிக்கெட்டை முடி" என்று சொன்னால் அதுவே கோப்புகளைத் திறந்து, எழுதி, ஓட்டிப் பார்த்து, முடித்துவிட்டேன் என்று சொல்கிற காலம். இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எழுதும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் படுவது வேறு. நாங்கள் பார்த்துவந்த இரண்டாம் வரிசை வேலை இப்போது எல்லோருடைய வேலையும் ஆகிவிட்டது. அடுத்தவர் எழுதியதைப் படிக்கவேண்டும். எழுதியவரைக் கூப்பிட்டு "ஏன்பா இப்படி?" என்று கேட்டால் வருகிற பதிலை நம்பவும் முடியாது.

நான் தொழில் படித்தது கோபால் மொழியில். எழுதப் படித்தேன் என்பதைவிட, படிக்கப் படித்தேன் என்பதுதான் சரி. வரியின் ஏழாவது கட்டத்தில் நட்சத்திரம் இருந்தால் அந்த வரி வெறும் குறிப்பு. எட்டிலிருந்து எழுபத்திரண்டு வரைதான் ப்ரோக்ராம். நடுராத்திரி பேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்-ஜீரோ-சி-செவன் என்று விழுந்து நிற்கும். எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வெறும் ஸ்பேஸ். விழுந்த இடத்தில் தப்பு இருக்காது. அந்த ஸ்பேஸ் எந்தக் கோப்பு வழியாக, எந்த ப்ரோக்ராமிலிருந்து வந்தது என்று பின்னாலேயே போகவேண்டும். வாடிக்கையாளர் இருக்கிற லண்டனில் விடிவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

அப்புறம் ஒய்-டூ-கே வந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்த ப்ரோக்ராம்களைத் தேடித் திருத்துகிற வேலை. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் முன்னால் 20 போடு, மேலே இருந்தால் 19 போடு என்கிற மாதிரித் திருத்தம் சுலபம். எங்கே போடுவது என்பதுதான் பாடு. அதற்கென்றே ஸ்கேனர் டூல்கள் விற்றார்கள். பெயரில் டேட் என்றோ இயர் என்றோ இருந்தால் பிடித்துக்கொடுக்கும். ஒரு இன்ஷூரன்ஸ் ப்ரோக்ராமில், பாலிசிதாரர் பிறந்த ஆண்டை யாரோ ஒரு புண்ணியவான் 'நம்பர்-2' என்று பெயர் வைத்த இடத்தில் போட்டிருந்தார். டூல் அதைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் லீட் கண்ணில் பட்டது வேறொரு வரி: நம்பர்-1-இலிருந்து நம்பர்-2-ஐக் கழித்து, விடையை 'வயது' என்ற இடத்தில் போடுகிற வரி. "கழிச்சா வயசு வருதுன்னா ரெண்டும் வருஷம்தானேய்யா?" என்றார். அவ்வளவுதான். கருவி பெயரைப் பார்த்தது, அவர் அது என்ன செய்கிறது என்று பார்த்தார். இன்றைக்கு என் டீமில் ஏஐ கொடுத்ததைப் படிக்கிறவர்களிடம் நான் சொல்லித்தருவதில் பாதி இந்தப் பாடம்தான்.

2000-க்குப் பிறகு மெயின்ஃப்ரேமிலிருந்து யூனிக்ஸுக்கு வந்தேன். தரமணியில் டைடல் பார்க் திறந்து, பழைய மகாபலிபுரம் ரோடு ஓ.எம்.ஆர். ஆகிக்கொண்டிருந்த நேரம். யூனிக்ஸில்தான் முதன்முதலாக 'தானாக நடப்பது' என்றால் என்னவென்று புரிந்தது. ஷெல் ஸ்கிரிப்ட், கிரான், மேக். அதில் மேக் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அவரோடு வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே சரிசெய்துவிட்ட ஒரு ப்ரோக்ராமில் காலை முழுக்க பிழை தேடியிருக்கிறார். திருத்தியது சரிதான், திருத்தியதை மறுபடி கம்பைல் செய்யாமல் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த எரிச்சலில் பிறந்த கருவி அது. மேக் கோப்பில் கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் தான் வைக்கவேண்டும், ஸ்பேஸ் வைத்தால் கோபித்துக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருதரமாவது பட்டது. அதை மாற்ற ஃபெல்ட்மனுக்கே ஆசைதான். ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று விட்டுவிட்டார். அதைத்தான் உலகம் இன்னமும் அனுபவிக்கிறது.

அந்தக் காலத்து ஆட்டோமேஷனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் செய்யும். முட்டாள்தனமாகச் சொன்னால் முட்டாள்தனமாகவே செய்யும். ஆனால் நேற்றுச் செய்ததையேதான் இன்றைக்கும் செய்யும். 2005-இல் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதிய கிட் வந்து, பின்னால் ஜென்கின்ஸ் வந்து, கமிட் செய்தவுடன் டெஸ்ட் எல்லாம் தானாக ஓடுகிற நிலைமை வந்தபோதும் இந்தக் குணம் மாறவில்லை. ஏஐ ஏஜென்ட்டிடம் இது கிடையாது. ஒரே டிக்கெட்டை ஒரே வார்த்தையில் இரண்டு தடவை கொடுத்தால் இரண்டு விதமாக முடித்துக் காட்டும். பழைய ஆட்களுக்கு முதலில் வயிற்றைக் கலக்குவது இதுதான்.

நடுவில் 2021-இல் கிட்ஹப் கோபைலட், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பையன்கள் பிரவுசரில் கேட்டு, காப்பி அடித்து, ஒட்டினார்கள். ஓடவில்லை என்றால் பிழையைக் காப்பி அடித்து மறுபடி கேட்டார்கள். அதாவது ஏஐ-க்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மனிதன் கூரியர் வேலை பார்த்தான்.

கமாண்ட் லைன் கருவிகள் அந்தக் கூரியரை எடுத்துவிட்டன. 2023-லேயே எய்டர் இருந்தது. 2025 பிப்ரவரியில் கிளாட் கோட், ஏப்ரலில் ஓப்பன்ஏஐ-யின் கோடெக்ஸ், ஜூனில் கூகுளின் ஜெமினி என்று வரிசையாக டெர்மினலுக்குள் இறங்கின. உள்ளே நடப்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. நாம் சொன்னதைப் படித்துவிட்டு, "இந்தக் கோப்பைக் காட்டு", "இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது தேடு", "இந்த டெஸ்ட்டை ஓட்டு" என்று மாடல் கேட்கும். நம் கம்ப்யூட்டரில் இருக்கிற கருவி அதைச் செய்து விடையைத் திருப்பி அனுப்பும். அதைப் பார்த்து அடுத்ததைக் கேட்கும். முடிந்தது என்று அதற்குத் தோன்றுகிறவரை இந்தச் சுற்று ஓடும்.

இவ்வளவு நவீனமான சமாச்சாரம் எதற்காக டெர்மினலின் கறுப்புத் திரைக்குள் போய் உட்கார்ந்தது என்று என் மகன் கேட்டான். யூனிக்ஸில் எல்லாமே எழுத்தாக உள்ளே போய் எழுத்தாக வெளியே வரும். 1973-இல் டக் மெக்கில்ராய் விடாமல் கேட்டதால் கென் தாம்ப்சன் பைப் என்று ஒன்றைப் போட்டார். ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு ஆனது. எழுத்தைத் தின்றே வளர்ந்த ஒரு மாடலுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. கிரெப்பும் கிட்டும் அதற்குத் தாய்மொழி மாதிரி வருகின்றன.

நான் இந்தக் கருவியை முதலில் பெரிதாக இறக்கியது ஒரு பதிப்பகத்து வேலையில். அவர்களிடம் பேஜ்மேக்கரில் அடித்த பழைய புத்தகங்கள் ஏராளம். எல்லாம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள். கீபோர்டில் இருக்கிற ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தை உட்காரவைத்திருப்பார்கள். எழுத்துரு மாறினால் எல்லாம் குப்பையாகத் தெரியும். 1999-இல் தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை ஏற்றும்கூட, ஆளாளுக்கு ஒரு எழுத்துரு என்பது அதன் பிறகும் பல வருஷம் போனது. இந்தக் கோப்புகளை யூனிகோடாக மாற்றித்தர வேண்டும்.

பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள். 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் முதலில் க, அப்புறம் கொம்பு. 'கொ' என்றால் கொம்பு, க, கால் மூன்றையும் பிடித்து, க-வை முன்னால் வைத்து, கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கவேண்டும். இதை எல்லாம் ஏஜென்ட் ரொம்பச் சுத்தமாகச் செய்தது. நான் எழுதினால் ஒரு வாரம் ஆகியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்து, டெஸ்ட்டும் எழுதி, எல்லாம் பச்சை என்று காட்டியது.

முதலில் கவனித்தது இது. எழுத்தை நேரடியாக அதனிடம் கொடுத்து "மாற்று" என்று சொல்லக்கூடாது. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கொ' என்ற ஓர் எழுத்தே ஆறு பைட் ஆகிவிடும். ஏஜென்ட்டுக்குக் காசு டோக்கன் (எழுத்துத் துண்டு) கணக்கில் போகிறது, தமிழ் அதை ஆங்கிலத்தைவிட நிறையவே தின்னும். அதைவிட முக்கியம், முழுப் புத்தகத்தைப் படிக்கவிட்டால் நடுவில் ஒரு வாக்கியத்தை 'சரிசெய்து' வைத்துவிடும். ஆசிரியர் எழுதியதைத் திருத்த நமக்கு யார் உரிமை கொடுத்தது? ஆகவே புத்தகத்தைத் தொடாதே, புத்தகத்தை மாற்றுகிற நிரலை மட்டும் எழுது என்பது விதி. நிரலை நான் படித்துப் பார்க்கலாம், நாளைக்கும் அதையே செய்யும்.

இரண்டாவது விஷயம், எது எது மாறியது என்று காட்டுகிற டிஃபைப் படிக்கும்போது கிடைத்தது. ஔகாரத்தில் வருகிற வலப்பக்கக் குறியும் ள என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பழைய எழுத்துருவில் 'கௌரவம்' என்று அடிக்க, கொம்பு, க, ள என்றுதான் அடித்திருப்பார்கள். அப்படியானால் கொம்பு போட்ட எழுத்துக்கு அடுத்து ள வந்தால் அது ஔகாரமா, நிஜமான ளகரமா? ஏஜென்ட் ஒரு விதி வைத்திருந்தது: ள-வுக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் ளகரம், வெறும் ள என்றால் ஔகாரம். வெள்ளம், வெளி தப்பித்தன. பௌர்ணமி, வௌவால், கௌதாரி சரியாக வந்தன. கெட்டிக்காரத்தனமான விதிதான்.

ஆனால் அந்தப் பதிப்பகத்துப் புத்தகங்களில் பாதி வட்டார வழக்குக் கதைகள். கதையில் வருகிற கிழவி "வெளக்கு ஏத்துடி" என்பாள். "மெளகா அரைச்சியா" என்பாள். விதிப்படி அது 'வௌக்கு' ஆனது, 'மௌகா' ஆனது. நான் கொடுத்த மாதிரிப் பக்கத்தில் ஒரு 'வெளக்கு' இருந்ததால் அந்த டெஸ்ட் விழுந்திருக்கிறது. ஏஜென்ட் என்ன செய்தது? டெஸ்ட் கோப்பைத் திறந்து, எதிர்பார்க்கும் விடையை 'வௌக்கு' என்று மாற்றிவிட்டு, எல்லாம் தேறியது என்றது. விடைத்தாளைத் திருத்தச் சொன்னால் விடைக்குறிப்பைத் திருத்திக் கொடுத்த கதை. அதில் கள்ளத்தனம் இருந்தது என்று சொல்லமாட்டேன்; கேட்டால் "மாதிரியில் எழுத்துப்பிழை இருப்பதாகக் கருதினேன்" என்று மரியாதையாகப் பதில் வந்தது. எங்கள் சப்போர்ட் காலத்திலும் இப்படிச் செய்கிற மனிதர்கள் உண்டு. ராத்திரி ஜாப் விழுந்தால், விழுந்த ரெக்கார்டை எடுத்துப்போட்டுவிட்டு ஜாப்பை ஓட்டிவிட்டுத் தூங்கப்போவார்கள். காலையில் பச்சை.

அதற்குப் பிறகு ஏஜென்ட்டிடம் வேறு மாதிரி வேலை வாங்கினேன். நீ முடிவெடுக்காதே, இந்த மாதிரிச் சந்தேகமான இடங்களை எல்லாம், முன்னும் பின்னும் சில சொற்களோடு, ஒரு பட்டியலாகக் கொடு. ஒரே சொல் பத்து இடத்தில் வந்தால் ஒருதரம் போதும். பட்டியல் பதிப்பகத்து ப்ரூஃப் ரீடரிடம் போனது. எழுபது வயசுக்காரர், சிவப்பு மைப் பேனா. அவர் டிக் போட்டவை ஔகாரம், சுழித்தவை ளகரம். அதை அப்படியே ஒரு சொல்லடைவாக ஏற்றி நிரலுக்குக் கொடுத்தோம். "இதுக்குத்தான் கம்ப்யூட்டரா சார்? கடைசியில என்கிட்டதானே வந்தீங்க" என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2025-இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, ஓப்பன் சோர்ஸில் பழம் தின்று கொட்டை போட்ட 16 பேரை வைத்து, அவர்கள் நன்கு அறிந்த திட்டங்களிலேயே 246 வேலைகளைப் பார்க்கச்சொல்லி அளந்தது. சில வேலைகளுக்கு ஏஐ உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. ஏஐ இருந்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. முடித்த பிறகு கேட்டால், 20 சதவீதம் சீக்கிரம் முடிந்ததாக அவர்கள் நினைத்தார்களாம். இதை வைத்து ஏஐ உதவாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அது அந்த வருஷத் தொடக்கத்துக் கருவிகள், அதுவும் தங்கள் வீட்டு மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த ஆட்கள். ஆனால் 'வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது' என்பதை நம்பி எஸ்டிமேட் போடக்கூடாது என்பதற்கு அது போதும்.

டீமில் இந்தக் கருவியிடம் யார் நன்றாக வேலை வாங்குகிறார்கள் என்று பார்த்தால், கம்பெனியில் பெயர் வாங்கிய டெவலப்பர்கள் முதலிடத்தில் இல்லை. பழைய சப்போர்ட் ஆட்கள்தான். யோசித்தால் காரணம் புரிகிறது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஆன்சைட்டுக்குக் கைமாற்றும்போது ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டும். என்ன நடந்தது, எப்படிச் செய்தால் திரும்ப நடக்கும், என்ன வந்திருக்கவேண்டும், என்ன வந்தது, எதைத் தொட்டுப்பார்த்தாயிற்று, எதைத் தொடவே கூடாது. படிக்கிறவருக்கு முன்கதை எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதவேண்டும். ஏஜென்ட்டுக்கும் முன்கதை தெரியாது. நேற்றுப் பேசியது இன்றைக்குப் பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. ஒரே உட்காரலில் ரொம்ப நேரம் பேசினாலும் பழையதைச் சுருக்கி வைத்துக்கொண்டு, சுருக்கும்போது முக்கியமானதைத் தொலைத்துவிடும். அதனால் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு உட்காரல், முடிந்தால் மூடிவிடு என்பது எங்கள் வழக்கம்.

ப்ராஜெக்ட்டின் தலைவாசலில் ஏஜென்ட் படிப்பதற்கென்றே ஒரு அறிவுரைக் கோப்பு வைப்பார்கள். எங்களுடையது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. முதலில் எல்லோரும் ஆளுக்கு நாலு வரி சேர்த்து அது பஞ்சாயத்துத் தீர்மானம் மாதிரி நீண்டுவிட்டது. நீள நீள, நடுவில் இருப்பதை ஏஜென்ட் சட்டைசெய்யவில்லை. வெட்டினோம். முதல் வரி: டெஸ்ட் கோப்புகளைத் தொடாதே, தொடவேண்டுமானால் நிறுத்தி, காரணம் சொல்லிக் கேள்.

சப்போர்ட்காரர்களின் பெருமையை நான் வெறுமனே பாடவில்லை. லண்டன் வாடிக்கையாளர் ஒருவருடைய சிஸ்டத்தை ஜாவா 8-இலிருந்து 17-க்குக் கொண்டுபோகிற வேலை வந்தது. ஏஜென்ட்டுக்கென்றே செய்த வேலை. ஜாவா 11-இல் எடுத்துவிட்ட லைப்ரரிகளுக்கு மாற்றுச் சேர்க்கவேண்டும், நூற்றுக்கணக்கான கோப்புகளில் பழைய பெயர்களைப் புதிதாக்க வேண்டும், கம்பைல் பண்ணி, விழுந்ததைத் திருத்தி, மறுபடி கம்பைல் பண்ணவேண்டும். மனிதர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே தப்புச் செய்கிற வேலை. அது சலிக்காமல் செய்தது. மே மாதம் முடித்தோம், டெஸ்ட் எல்லாம் தேறிவிட்டது, இந்த முறை யாரும் டெஸ்ட்டைத் திருத்தவும் இல்லை.

ரிவ்யூவில் உட்கார்ந்திருந்த மேடம் பத்துப் பதினைந்து வருஷம் பாங்க் சப்போர்ட் பார்த்தவர். மாதக்கடைசி ஓட்டம், மார்ச் 31, பிப்ரவரி 29 எல்லாம் அவருக்கு நெஞ்சில் தைத்த தேதிகள். அவர் டிஃபைக்கூட முழுக்கப் பார்க்கவில்லை. "இந்த ரிப்போர்ட் மாசாமாசம் போகுதுல்ல சார், பன்னெண்டு மாசத்துக்கும் ஒருவாட்டி ஓட்டிப் பாத்தாச்சா?" என்றார். பார்க்கவில்லை. டெஸ்ட்டில் இருந்த தேதிகள் எல்லாம் மே, ஜூன். ஓட்டினோம். பதினொரு மாதம் சரியாக வந்தது. செப்டம்பரில் 'செப்' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பதில் நான்கு எழுத்தோடு 'செப்ட்' என்று வந்தது.

காரணம் இதுதான். ஜாவா 9-இலிருந்து மாதப் பெயர், கிழமைப் பெயர் எல்லாம் யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் என்ற தொகுப்பிலிருந்து வருகிறது. ஜாவா 16-இல் வந்த தொகுப்பில் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்குச் செப்டம்பரின் சுருக்கம் நான்கு எழுத்தாகிவிட்டது. அமெரிக்க ஆங்கிலத்தில் இன்னும் மூன்றுதான். வாடிக்கையாளர் லண்டன் என்பதால் சிஸ்டம் பிரிட்டிஷ் லோக்கேலில் இருந்தது. அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்கிற எதிர்முனை சிஸ்டம் மூன்று எழுத்தை எதிர்பார்த்து நிற்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நிம்மதியாக ஓடியிருக்கும். செப்டம்பர் முதல் தேதி ராத்திரி யாருக்கோ போன் வந்திருக்கும். லோக்கேலை அமெரிக்க ஆங்கிலமாக்கியது ஒரே வரித் திருத்தம்.

இதில் கவனிக்கவேண்டியது, ஏஜென்ட்டிடம் பிறகு "ஜாவா 17-க்குப் போனால் தேதி வடிவத்தில் என்ன மாறும்?" என்று கேட்டபோது, செப்டம்பர் சமாச்சாரத்தைத் தானாகவே சொன்னது. அதற்குத் தெரியும். கேட்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றவேண்டும். மேடத்துக்கும் சிஎல்டிஆர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் மாதாமாதம் போகிற ஒன்றை ஒரு மாதத்துக்கு மட்டும் ஓட்டிப்பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது என்று தெரியும்.

அனுமதி கேட்கிற விஷயமும் இதே சங்கதிதான். இந்தக் கருவிகள் ஏதாவது கமாண்ட் ஓட்டுமுன் "செய்யட்டுமா?" என்று கேட்கும். முதல் நாள் எல்லோரும் படித்துப்பார்த்து எண்டர் தட்டுவார்கள். நாலாவது நாள் படிக்காமல் தட்டுவார்கள். அடுத்த வாரம் "இனிமேல் கேட்காதே" என்று சொல்லிவிடுவார்கள். கேட்கவே கேட்காமல் ஓடவிடுகிற ஆப்ஷனும் உண்டு. கிளாட் கோட்டில் அந்த ஆப்ஷனின் பெயரிலேயே 'ஆபத்தான முறையில்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே டைப் அடிக்கிறார்கள் பையன்கள். 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று திரும்பத்திரும்பச் சொல்லியும் ஒரு வாடிக்கையாளரின் புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்தது. நிறுவனத் தலைவர் பொதுவில் வருத்தம் தெரிவித்தார். அதைப் படித்துவிட்டு எல்லோரும் ஏஐ-யைத் திட்டினார்கள். மெயின்ஃப்ரேம் காலத்து ஆட்களுக்கு வந்த கேள்வி வேறு: புரொடக்‌ஷன் பாஸ்வேர்ட் அதனிடம் எப்படிப் போனது? எங்கள் காலத்தில் டெவலப்பருக்கு புரொடக்‌ஷனில் எழுதுகிற உரிமை கிடையாது. வேண்டுமென்றால் டிக்கெட் போட்டு, ஒருவர் ஒப்புதல் கொடுத்து, நாலு மணிநேரத்துக்குத் திறந்துவிட்டு மூடுவார்கள். அதை எல்லாம் வேகத்தைக் கெடுக்கிறது என்று நடுவில் தூக்கிப்போட்டார்கள். எங்கள் ஏஜென்ட்டுகள் தனிக் கன்டெய்னரில், பொய் டேட்டாவோடு ஓடுகின்றன. தலைகீழாக நின்றாலும் அங்கிருந்து வெளியே கை நீட்ட முடியாது. அதற்குள் அது கேட்காமல் ஓடினால் எனக்குக் கவலையில்லை.

எனக்கு விடை தெரியாத இடம் ஃப்ரெஷர்கள். முன்பெல்லாம் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன டிக்கெட் கொடுப்போம். ஒரு லேபிளை மாற்று, ரிப்போர்ட்டில் ஒரு பத்தி சேர். அதைச் செய்யப்போய்ச் சுற்றியிருக்கிற நிரலைப் படிப்பார்கள். சிஸ்டம் மெல்லமெல்ல மண்டையில் ஏறும். அந்த டிக்கெட்டுகளை எல்லாம் இப்போது ஏஜென்ட் காலை டீக்கு முன் முடித்துவிடுகிறது. அதனால் நாங்கள் பழைய புரொடக்‌ஷன் பிரச்சினைகளை எடுத்து, திருத்தத்தை நீக்கிவிட்டு, "ஏஐ இல்லாமல் கண்டுபிடி" என்று கொடுக்கிறோம். சிலருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பையன் இரண்டே வாரத்தில் வந்து, "நான் கோடிங் பண்ண வந்தேன் சார், படிக்க வரல" என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் போன இடத்தில் அவனை எழுதவிடுகிறார்களா என்று தெரியவில்லை.

பிறகு காசு. சென்னையின் இந்தத் தொழில் வளர்ந்ததே மணிக்கணக்கு பில்லில்தான். இத்தனை பேர், இத்தனை மணி, மணிக்கு இவ்வளவு டாலர். ஏஐ வந்ததும் வாடிக்கையாளர் முதலில் கேட்டது, மணியைக் குறை என்பதுதான். நியாயம்தான், எழுதுகிற மணி குறைந்திருக்கிறது. படிக்கிற மணி கூடியிருக்கிறது, ஆனால் அதற்கு பில்லில் என்றைக்குமே தனி வரி இருந்ததில்லை. எழுதுவதோடு சேர்த்து இனாமாகப் போய்க்கொண்டிருந்தது. போன மாத எஸ்டிமேட்டில் முதன்முறையாக 'ரிவ்யூ' என்று தனியாக ஒரு வரி போட்டேன், எழுதும் மணியைவிட அதிகமாக. வாடிக்கையாளர் தரப்பு அதை அடித்துத் திருப்பி அனுப்பியது: "இதையும் ஏஐ-யே பார்க்காதா?" செப்டம்பர் கதையை இரண்டு பாராவில் எழுதி, அந்த வரியை அப்படியே வைத்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை கான்ஃபரன்ஸ் கால் இருக்கிறது. மேடத்தையும் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.